மாயாவி

மாயாவி (பெயர்ச்சொல்): மாயம் செய்பவர், உருவை மறைக்கவும் மாற்றவும் வல்லவர். வடமொழி ‘மாயாவின்’ என்பதன் தமிழ் வடிவம். ‘வி’ உடைமை குறிக்கும் ஈறு. ‘மேதாவி’யும் அவ்வாறு அமைந்ததே.

பழைய கதைகளில் இச்சொல் பெரும்பாலும் அரக்கரையும் சூனியக்காரரையும் சுட்டியது. சிவகாசியிலிருந்து 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’ அதை நாயகன் பெயராக்கியது. பிரித்தானிய ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் தொடங்கிய தொடரின் தமிழாக்கம் அது. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். பின்னர் ராணி காமிக்ஸ், முகமூடி வீரர் ஃபாண்டமுக்கும் இப்பெயரையே சூட்டியது.

தமிழகத்திலும் ஈழத்திலும் பழைய சித்திரக்கதை சேர்ப்போர் இன்றும் விரும்பித் தேடும் பெயர் இது.