53என் பாட்டில்

மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது நண்பர் கேட்டார்: "எங்க லேபுக்கு ஸ்டெரைல் வாட்டர் வாங்கணும். பாக்டீரியோஸ்டேட்டிக்னு போட்டிருந்தா பயமில்லையே?" அவருக்குச் சொன்ன கதை இது.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் கிராமம் (இப்போது பாகிஸ்தானில்). பம்பாயில் ஹாஃப்கின் நடத்திய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பிளேக் தடுப்பூசியை 107 பேருக்குப் போட்டார்கள். 53என் என்ற ஒரே பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழி ஹாஃப்கின் தலையில். புதிய தயாரிப்பு முறையில் கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டாராம். பதவியும் போயிற்று. ஆனால் பாட்டிலைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதை நெருப்பில் காட்டாமலே தக்கையை எடுத்திருக்கிறார்! 1907-ல் ரொனால்டு ராஸ் போன்றவர்கள் லண்டன் டைம்ஸில் எழுதி வாதாடிய பிறகே பழி நீங்கியது. 1925-ல் அந்தக் கூடத்துக்கே ஹாஃப்கின் பெயரை வைத்தார்கள். (ரொம்பச் சீக்கிரம்!)

இன்றைய பாட்டிலில் கார்பாலிக்குக்குப் பதில் பெரும்பாலும் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால். அது கிருமியைப் பெருகவிடாது, அவ்வளவுதான். டெட்டனஸ் வித்துக்களை அது கொல்லாது. திறந்த தேதியை மேலே எழுதி, 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். சீல் உடைந்ததையும், பேட்ச் எண் இல்லாததையும் வாங்கவே கூடாது.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர் சொல்கிறார், தண்ணீர் செல் கல்ச்சருக்காம். பென்சைல் ஆல்கஹால் அந்தச் செல்களையே பாதிக்கும். எதுவும் சேர்க்காத ஸ்டெரைல் தண்ணீர்தான் வேண்டும் என்று ஆர்டரை மாற்றச் சொன்னேன்.