வேலியும் நோட்டீசும்

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் வேலிக்கென்று ஒரு பிரிவு இருந்தது. தெருவோர நிலத்தின் உடைமையாளரோ அனுபவிப்பவரோ வேலியைக் கத்தரிக்க வேண்டும், தெருவின்மேல் கவிழ்ந்து வழியையோ வண்டியோட்டியின் பார்வையையோ மறைக்கும் கிளைகளை வெட்ட வேண்டும் என்று ஆணையர் நோட்டீஸ் அனுப்பலாம். மேலுக்கு நியாயமான ஏற்பாடுதான். தன் செடி ஊர்வழியை மறித்தால் வெட்ட வேண்டியவன் அவன்தானே? ஆனால் அந்தச் சட்டம் கற்பித்துக்கொண்ட 'உடைமையாளர்' யார்? மதிலும் தோட்டமும் வைத்துக்கொண்டு வரி கட்டும் கனவான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேடினால் அப்படி எத்தனை பேர் அகப்படுவார்கள்? இந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரர்கள் துறைமுகம், ரயில்வே, மின்வாரியம், ஆலைகள். வாசகத்தின்படி அவர்களும் உடைமையாளர்களே. நடப்பிலோ ஓர் அரசு அலுவலகம் இன்னொன்றுக்குக் கடிதம் எழுதும், நோட்டீஸ் குடுக்காது.

இங்கே ரோட்டோரத்தில் முள்நீட்டி நிற்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம். காமராசர் தூவினது என்பது ஊர்ப்பேச்சு. மரம் அவருக்கும் முந்தியது. சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் 1876இல் விதை கேட்டு அரசுக்கு எழுதினார். 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள். வறண்ட நிலத்துக்கென்று அரசே கூட்டிவந்த மரம். 140 வருஷம் கழித்து, 2017இல், பட்டா நிலத்து மரங்களை உடைமையாளரே அகற்ற வேண்டும், தவறினால் அரசு அகற்றிச் செலவை அவரிடமே வசூலிக்கும் என்றது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னை முதல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. கொண்டுவந்தது யாரோ, பில் மட்டும் பட்டாக்காரருக்கு.

எண்ணூரில் இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தின் சேற்றுநிலம் மேடாயிற்று. ஓதநீர் ஏறாத மேட்டில் முள் ஏறியது. வலை வீசின இடம் காடாச்சு. மீனவர் தொடுத்த வழக்கில் 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழிமுகத்தில் சாம்பல் சேர்ந்ததற்கு மின்வாரியமே பொறுப்பு என்றது. அந்த இடத்துக்கு வர மீனவர்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. சாதாரண வீட்டுக்காரரின் வேலிக்கோ ஒரு தாள் நோட்டீஸ் போதும்.

பட்டா இல்லாத குப்பத்து வாசலில் முருங்கை ரோட்டுக்கு நீண்டால் என்ன ஆகும்? கிளையைக் கழிக்கச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். வீட்டையே எடுக்கச் சொல்லி வருவார்கள். தனியார் நிலத்தில் 'அலட்சியம்', குப்பத்தில் 'ஆக்கிரமிப்பு', அரசு மதிலோரத்தில் 'தானா வளர்ந்தது'. செடிக்குப் பெயர் வைப்பது தாவரவியல் அல்ல, பட்டா.

1919ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் விலகி, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கன்டெய்னர் லாரி வரிசைக்கும் முள்ளுக்கும் நடுவில் சைக்கிள் மிதிப்பவருக்கு இதனால் ஒன்றும் மாறவில்லை. அவர் சார்பில் ஒரு சின்னக் கோரிக்கை வைக்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலையின் இரண்டு ஓரத்துக்கும் சர்வே எண், உடைமையாளர் பெயர், கடைசியாகக் கழித்த தேதி மூன்றையும் எழுதி மண்டல அலுவலக வாசலில் ஒட்டட்டும். யார் வெட்டணும் என்பதைப் பிறகு பேசலாம். யாருடையது என்பதை முதலில் எல்லாரும் படிக்கட்டும்.