தில்லி மெட்ரோ: புத்தாக்கம், நிறுவன மாற்றம், வணிக விரிவாக்கம்

புத்தாக்கம், நிறுவன மாற்றம், வணிக விரிவாக்கம் ஆகிய மூன்று சொற்களும் மேலாண்மைப் பேச்சில் ஒன்றோடொன்று குழம்பிப் போவது வழக்கம். புதிய பொருளையோ முறையையோ நடைமுறைக்குக் கொண்டுவருவது புத்தாக்கம். முடிவெடுக்கும் விதமும் பொறுப்பேற்கும் விதமும் மாறுவது நிறுவன மாற்றம். கைவசமுள்ள திறனுக்குப் புதிய வாடிக்கையாளரையும் வருவாயையும் தேடுவது வணிக விரிவாக்கம். இவை எங்கே ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன, எங்கே மோதுகின்றன என்பதற்கு இந்தியப் பொதுத்துறையில் தெளிவான சான்று தில்லி மெட்ரோ ரயில் கழகம்.

மத்திய அரசும் தில்லி அரசும் சரிபாதிப் பங்குடன் 1995 மே 3 அன்று இக்கழகத்தைப் பதிவு செய்தன. இந்தியாவின் முதல் மெட்ரோவான கொல்கத்தா பாதைக்கு 1972-இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1984-இல்தான் முதல் ரயில் ஓடியது; டம் டம்–டாலிகஞ்ச் பாதை முழுமையடைய 1995 ஆயிற்று. அந்தத் தாமதம் தில்லிக்குப் பாடமாக இருந்தது.

1997-இல் மேலாண்மை இயக்குநராக வந்த இ. ஸ்ரீதரன் வேலை நடக்கும் முறையிலிருந்தே தொடங்கினார். ஒப்பந்தப்புள்ளிகளைக் கழகமே இறுதி செய்தது. பணியாளர் எண்ணிக்கை குறைவாக வைக்கப்பட்டது. திறப்பு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் பலகைகள் பணியிடங்களில் நின்றன. 1998 அக்டோபரில் தொடங்கிய வேலையின் முதல் பலனாக, 2002 டிசம்பர் 24 அன்று ஷாதரா–தீஸ் ஹசாரி இடையே பிரதமர் வாஜ்பாய் ரயிலைத் தொடங்கிவைத்தார். பத்தாண்டு ஒதுக்கப்பட்ட 65 கி.மீ. முதல் கட்டம் ஏழேகால் ஆண்டில் முடிந்தது. 2009 ஜூலையில் ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த பாலம் சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தபோது, ஸ்ரீதரன் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை. நிறுவன மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பது இத்தகைய தருணங்களில்தான் தெரியும்.

புத்தாக்கம் இந்த அடித்தளத்தின் மேல் வந்தது. ரயில் வேகம் குறையும்போது அதன் மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறுகின்றன; அந்த மின்சாரம் மேல்கம்பிக்குத் திரும்பி, அதே தடத்தில் புறப்படும் இன்னொரு ரயிலை இழுக்கிறது. இந்த முறைக்காக 2007-இல் ஐ.நா. அமைப்பிடம் கார்பன் வரவுக்குப் பதிவு பெற்ற கழகம், அவ்வாறு பதிவு பெற்ற உலகின் முதல் ரயில் திட்டமாயிற்று. மிச்சமான மின்சாரம் வருவாயாகவும் மாறியது. 2020 டிசம்பர் 28 அன்று மெஜந்தா தடத்தில் நாட்டின் முதல் ஓட்டுநரில்லா மெட்ரோ ஓடியது.

வணிக விரிவாக்கம் பல வழிகளில் நடந்தது. நிலைய வளாகக் கடைகள், விளம்பர இடங்கள், நிலக் குத்தகை ஆகியவை பயணச்சீட்டு வருமானத்துக்குத் துணை நின்றன. அதைவிட முக்கியமானது ஆலோசனைப் பணி. சென்னை மெட்ரோவுக்கான விரிவான திட்ட அறிக்கையைத் தயாரித்தது இக்கழகமே. 2015-இல் திறந்த ஜெய்ப்பூர், 2017-இல் திறந்த கொச்சி ஆகிய மெட்ரோக்களின் கட்டுமானத்தையும் அது மேற்கொண்டது. டாக்கா மெட்ரோவின் ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றது. சொல்லிய நாளில் முடித்த பெயர் இல்லாமல் இந்த வாய்ப்புகள் வந்திருக்க மாட்டா.

விமான நிலைய விரைவுத் தடம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாலங்களும் சுரங்கங்களும் கழகத்தின் பொறுப்பு, ரயில்களும் இயக்கமும் தனியாரின் பொறுப்பு என்ற ஏற்பாட்டில் 2011 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. கட்டுமானக் குறைபாடு காரணமாக 2012 ஜூலையில் சேவை நின்றது. 2013 ஜூலை 1 முதல் கழகமே இயக்கத்தை ஏற்றது. இது தொடர்பாகக் கழகத்துக்கும் தனியார் நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கு 2024 ஏப்ரல் வரை உச்ச நீதிமன்றத்தில் நீடித்தது. ஒரே இடத்தில் இருந்த பொறுப்பை வருவாய்க்கான ஏற்பாடு இரண்டாகப் பிரித்ததே இங்கு நேர்ந்த பிழை.

இந்தப் பிழைக்குப் பின்னரும் புத்தாக்கம் நிற்கவில்லை: பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கழகம் உருவாக்கிய உள்நாட்டு ரயில் கண்காணிப்பு அமைப்பு 2023 பிப்ரவரியில் சிவப்புத் தடத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.