ஆற்றின் கணக்கும் ஆலையின் கணக்கும்

ஆண்டு முழுதும் மழை பொழியும் நாட்டில் நன்னீருக்குத் தட்டுப்பாடு எவ்வாறு வரும்? மலேசிய மாணவர் எவரும் இயல்பாகக் கேட்கக்கூடிய வினா இது. வானம் தரும் நீரின் அளவை மட்டும் எண்ணினால் இதற்கு விடை கிடைக்காது. கரை நிறைய ஆறு ஓடியும் அதில் ஒரு குவளை நீரைக் குடிக்க இயலாதெனில், அதுவும் தட்டுப்பாடே. அந்நிலை இந்நாட்டில் எப்படித் தோன்றியது, அதைத் தணிக்க என்ன செய்யப்பட்டது என்பனவற்றைச் செம்பனை எண்ணெய் ஆலைகளின் வரலாற்றைக் கொண்டு இவ்வுரை ஆராய்கிறது.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர். 1917-ஆம் ஆண்டில் கோலசிலாங்கூருக்கு அருகிலுள்ள தென்னமாராம் தோட்டத்தில் வணிக முறையில் அது முதன்முதலாகப் பயிரிடப்பட்டது. எனினும் பல்லாண்டுகள் இரப்பரே கோலோச்சியது. 1960-களில் இரப்பர் விலை சரிந்தபோது தோட்ட நிறுவனங்களும் பெல்டா நிலக் குடியேற்றத் திட்டங்களும் செம்பனையின் பக்கம் திரும்பின. 1960-இல் ஓர் இலட்சம் டன்னுக்கும் குறைவாயிருந்த எண்ணெய் உற்பத்தி, 1975-இல் பன்னிரண்டு இலட்சம் டன்னைத் தாண்டிற்று. நாட்டின் வருவாய் பெருகியது. அவ்வருவாய்க்கு ஆறுகள் கொடுத்த விலை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

அறுத்த பழக்குலைகளை நீராவியில் அவித்து, பிழிந்து, எண்ணெயைத் தெளியவைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு டன் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ ஐந்து முதல் ஏழரை டன் நீர் செலவாகிறது. அதில் பாதிக்குமேல் கழிவாக வெளியேறுகிறது. பழுப்பு நிறமும் வெப்பமும் எண்ணெய்ப் பிசுக்கும் கொண்ட அக்கழிவில் நச்சு வேதிப்பொருள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. தீங்கு வேறு வழியில் வருகிறது. ஆற்றில் கலந்த கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. அதனால் மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. நீர் கருத்து நாறுகிறது. கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வளியின் அளவைக் கொண்டே அதன் கடுமையை மதிப்பிடுவர். நகரச் சாக்கடை நீரில் ஒரு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராமாக இருக்கும் அந்த அளவு, செம்பனை ஆலைக் கழிவில் 25,000 மில்லிகிராம் வரை இருந்தது.

இச்சுமையைத் தாங்கியவர் யாவர்? ஆற்றோரக் கம்பங்களில் மீன்பிடித்து வாழ்ந்தோரும், குளிக்கவும் துவைக்கவும் அதே ஆற்றை நாடியோரும் தாம். ஆலைகள் நின்ற தோட்டங்களின் லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. ஆலைக்கு உழைத்த கைகளுக்கும் அதன் கழிவு தொலைவில் இல்லை. கழிவை ஆற்றில் விடுவது ஆலைக்குச் செலவற்ற வழி. செலவு முழுவதும் கீழ்நீரோட்டத்தில் வாழ்ந்தவரைச் சேர்ந்தது.

1974-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கெனத் தனி விதிமுறைகள் வந்தன. அவற்றின் அமைப்பு கருதத்தக்கது. ஆலைகளை உடனே மூடச் சொன்னால் பல்லாயிரவர் பிழைப்பிழப்பர்; காலவரையறையின்றி விட்டால் எதுவும் மாறாது. ஆகவே படிப்படியாக இறங்கும் வரம்பு வகுக்கப்பட்டது. 1978 ஜூலையில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமாகத் தொடங்கிய வரம்பு, அடுத்த ஆண்டு 2,000 ஆகவும், 1980-இல் 1,000 ஆகவும், 1981-இல் 500 ஆகவும் குறைக்கப்பட்டது. பின்னர் 100 வரை இறங்கிற்று. உரிமக் கட்டணமும் கழிவின் சுமையோடு பிணைக்கப்பட்டது. வரம்புக்குட்பட்ட சுமைக்கு டன்னுக்குப் பத்து ரிங்கிட். வரம்பை மீறியதற்கு டன்னுக்கு நூறு ரிங்கிட். முதலாண்டில் ஆலைகள் கட்டணம் செலுத்தி வரம்பை மீற முடிந்தது. இரண்டாம் ஆண்டு முதல் அவ்வழியும் அடைக்கப்பட்டது.

கழிவுக்கு விலை வந்தபின் ஆலைகள் அதைப் புதிய கண்ணால் நோக்கின. காற்றுப்படாத குளங்களில் நுண்ணுயிர்களைக் கொண்டே கழிவைச் சிதைக்கும் முறை பரவியது. சுத்திகரித்த கழிவு வயலுக்கு உரமாயிற்று. குளத்தில் எழுந்த வாயு எரிபொருளாகலாம் எனவும் கண்டனர். 1985-இல் உற்பத்தி நாற்பது இலட்சம் டன்னைக் கடந்தபோதும், ஆறுகளுக்குச் சென்ற கழிவுச் சுமை 1978-இல் இருந்ததில் ஒரு சிறு பங்காகவே நின்றது. உற்பத்தி வளர்ந்தால் ஆறு சாக வேண்டும் என்பது இயற்கை விதியன்று என இது மெய்ப்பித்தது.

ஆயினும் இவ்வரலாறு வெற்றிக் கதையாக முடியவில்லை. செம்பனை ஆலையின் இடம் யாவருக்கும் தெரியும். அதற்கு உரிமம் உண்டு. அதன் கழிவை அளக்கலாம். இரவில் கழிவைக் கொட்டிவிட்டு மறைவோரை அவ்வாறு அளக்க இயலாது. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக் கழிவினால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் கணக்குகளுக்குக் குடிநீர் தடைப்பட்டது. 2024-இல் திருத்தப்பட்ட சட்டம் உச்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியுள்ளது. எனினும் அபராதம் ஆறு கெட்ட பின்னரே வருகிறது. 1977-இன் விதிமுறைகளோ கழிவு வெளியேறும் வாயிலிலேயே காவல் வைத்தன.

நிறுவனங்களின் நீர்ப் பொறுப்பைப் பற்றி இன்று அறிக்கைகள் பல வெளிவருகின்றன. அவற்றை வகுப்பறையில் படிக்கும்போது மூன்று வினாக்களை மாணவர்கள் எழுப்பலாம். இந்நிறுவனம் எந்த ஆற்றிலிருந்து நீர் எடுக்கிறது? எடுத்த நீர் எந்நிலையில் திரும்புகிறது? அதற்குக் கீழே வாழ்வோர் யாவர்? ஓர் ஆண்டில் உலகெங்கும் இத்தனை லிட்டர் சேமித்தோம் என்னும் மொத்தக் கணக்கு இவ்வினாக்களுக்கு விடையாகாது. ஓர் ஆற்றுப் படுகையில் சேமித்த நீர், வேறோர் ஆற்றில் கெட்டதை ஈடுசெய்யாது. தங்கள் பள்ளிக்கு வரும் குடிநீர் எந்த ஆற்றினுடையது என மாணவர்கள் முதலில் கண்டறியட்டும். அவ்வாற்றின் மேற்பகுதியில் நிற்கும் ஆலைகளின் பட்டியலை ஆசிரியர் அவர்களோடு சேர்ந்து தொகுக்கட்டும். அப்போது இவ்வரலாறு அவர்களுடையதுமாகும்.