ஒற்றைப்பலகைக் கணினிக்கான தனிப்பயன் லினக்ஸ்

ராஸ்பெரி பை, பீகிள்போன் போன்ற ஒற்றைப்பலகைக் கணினியில், குறிப்பிட்ட ஒரு வேலைக்குத் தேவையான பாகங்களை மட்டும் சேர்த்துக் கட்டப்படும் இயங்குதளம் தனிப்பயன் லினக்ஸ். பூட்லோடர், கெர்னல், சி நூலகம், அடிப்படைக் கட்டளைகள், அவற்றின்மேல் ஓடும் ஒரு நிரல் ஆகியவையே அதன் முழு உடல். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முழுதாகக் கிடைக்கும் ராஸ்பெரி பை ஓஎஸ் போன்ற ஒன்றை நிறுவி வேண்டாதவற்றை நீக்கிக்கொண்டே வருவது ஒரு வழி. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து வேண்டியதை மட்டும் ஏற்றுவது மற்றொரு வழி. அளவு குறைய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் முதல் வழியே பல நேரம் போதும். ஆனால் அப்படி நீக்கிய பிறகு மிஞ்சும் கோப்புகளில் பல, நீக்கினால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தால் விடப்பட்டவை. கட்டி எழுப்பிய அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் ஏன் இருக்கிறது என்று சொல்ல முடியும். இரண்டாம் வழியின் உண்மையான பயன் இதுதான். சிறிய அளவு அதன் உடன்விளைவு.

இவ்வழிக்குப் பெரிதும் பயன்படும் கருவி பில்ட்ரூட். யூசிலிப்சி என்ற சிறிய சி நூலகத்தைச் சோதிக்க அதன் ஆக்குநர்கள் 2001இல் தொடங்கிய இது, 2009 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியாகிறது. பலகைக்குரிய முன்னமைவை எடுத்து, மெனுவில் பேக்கேஜ்களைக் குறித்து, ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தால் போதும். பில்ட்ரூட் முதலில் கிராஸ் கம்பைலரைக் கட்டும்; பிறகு கெர்னலையும் மற்றவற்றையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, எஸ்டி கார்டில் அப்படியே எழுதத்தக்க ஒரே கோப்பாகத் தரும். அந்தக் கார்டிலிருந்து பலகையை இயக்கி ‘பின்’ என்ற டைரக்டரியைப் பட்டியலிட்டால், எல்எஸ், சிபி, மவுண்ட், கிரெப், ஷெல் எல்லாமே பிஸிபாக்ஸ் என்ற ஒரே கோப்பைச் சுட்டும் இணைப்புகளாக இருப்பதைக் காணலாம். எந்தப் பெயரில் அழைக்கப்பட்டதோ அந்த வேலையை அந்த நிரல் செய்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் நிறுவல் ஃபிளாப்பிக்காக 1990களின் நடுவில் புரூஸ் பெரென்ஸ் எழுதத் தொடங்கிய இந்த நிரல் இருப்பதால்தான் அடிப்படை ரூட் ஃபைல் சிஸ்டம் சில மெகாபைட்டில் அடங்குகிறது.

கெர்னலைக் குறைப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். எடுத்துக்காட்டாக, எஸ்டி கார்டைப் படிக்கும் டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்க்காமல் தனி மாட்யூலாக விட்டுவிட்டால், அந்த மாட்யூல் கார்டில் உள்ள ரூட் ஃபைல் சிஸ்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போன்ற நிலை இது: ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற கெர்னல் பேனிக் செய்தியோடு பலகை நின்றுவிடும். பொதுப்பயன் விநியோகங்கள் பல, இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிக ஃபைல் சிஸ்டத்தை முன்னால் வைத்து இச்சிக்கலைத் தீர்க்கின்றன. பலகை ஒன்றே, வன்பொருளும் தெரிந்ததே என்னும்போது டிரைவரைக் கெர்னலிலேயே பிணைத்துவிடலாம். அந்த இடைப்படியே தேவையில்லை.

கார்டு மலிவாகக் கிடைக்கும் காலத்தில் மெகாபைட்டுகளை எண்ணுவானேன் என்று கேட்கலாம். சேமிப்பிடத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி சரியே. ஆனால் பை ஜீரோவில் இருக்கும் மெமரி 512 மெகாபைட்தான். பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சேவையும் அதில் பங்கு கேட்கிறது, பூட் நேரத்தையும் நீட்டுகிறது. மேலும், சிறிய ரூட்டை ஸ்குவாஷ்எஃப்எஸ் வடிவில் படிக்க மட்டும் திறந்து, லாக் கோப்புகளை மெமரியில் வைத்துக்கொண்டால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ரூட் சிதையும் ஆபத்து நீங்குகிறது.

பாதுகாப்புத் திருத்தங்கள் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. பில்ட்ரூட் அமைப்பில் ஆப்ட் போன்ற பேக்கேஜ் மேலாளர் கிடையாது; ஓர் ஓட்டையை அடைக்கவும் முழு இமேஜையும் மீண்டும் கட்ட வேண்டும். மெனுவில் ஒரு பேக்கேஜை நீக்கினால்கூட, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்கிறது அதன் கையேடு. இது சுமைதான். ஆனாலும் முழு இமேஜாக மாற்றுவதில் ஒரு நன்மை உண்டு. கார்டில் இரண்டு ரூட் பார்ட்டிஷன்களை வைத்து, ஓடாததில் புதிய இமேஜை எழுதி, அது பூட் ஆகாவிட்டால் பழையதற்குத் திரும்பும்படி ரவுக் போன்ற கருவிகளால் அமைக்க முடியும். பாதி அப்டேட்டில் நின்ற பலகை என்ற நிலை வராது. நூறு பலகைகளிலும் ஒரே இமேஜ் ஓடுவதால், ஒன்றில் சோதித்தது மற்றவற்றுக்கும் பொருந்தும். நீண்டகால ஆதரவு பெறும் பிப்ரவரி வெளியீடுகள் இருப்பதால் திருத்தங்களும் அங்கிருந்து வருகின்றன. இவ்வாறு அவ்வப்போது மீண்டும் கட்ட ஆள் இல்லாத இடத்தில் டெபியன் வழிவந்த விநியோகமே பாதுகாப்பானது. பிஸிபாக்ஸையும் பேக்கேஜ் மேலாளரையும் சேர்த்தே தரும் ஆல்பைன் லினக்ஸ் இடைவழி.

எது உள்ளே இருக்கிறது என்று தெரிந்திருப்பது சட்டத்துக்கும் வேண்டும். பிஸிபாக்ஸின் ஜிபிஎல் உரிமத்தை மீறியதாக 2007இல் அமெரிக்காவில் மான்சூன் மல்டிமீடியா நிறுவனத்தின் மீது அந்த நிரலின் ஆக்குநர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அது சமரசத்தில் முடிந்தது. பில்ட்ரூட்டில் ‘லீகல்-இன்ஃபோ’ என்ற ஒரு கட்டளை, சேர்ந்த பேக்கேஜ்களின் உரிமங்களையும் மூலநிரல்களையும் திரட்டித் தந்துவிடும். அந்த மூலநிரல்களை முன்னமைவுக் கோப்போடு சேர்த்துச் சேமித்துவைப்பது நல்லது. சில ஆண்டுகள் கழித்து அதே இமேஜைக் கட்ட நேரும்போது, அவற்றைப் பதிவிறக்கிய தளங்களில் சில இல்லாமல் போயிருக்கலாம்.