கப்பல் அதிகாரிப் பதவி: திறந்த கதவும் நம் பிள்ளைகளும்

மரக்கலம் செலுத்தியோர் வழிவந்ததே மரக்காயர் என்னும் பெயர் என்பர். விண்மீனையும் காற்றையும் நோக்கிக் கலம் நடத்தும் கலையைத் தந்தையிடமிருந்து மகன் கற்ற காலம் அது. நீராவிக் கப்பல்கள் பெருகியபின் அக்கல்வி போதவில்லை. அதிகாரி ஆவதற்கு அரசுத் தேர்வுச் சான்றிதழ் வேண்டியதாயிற்று.

1919 ஏப்ரல் 5 அன்று சிந்தியா நிறுவனத்தின் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. கப்பல் நம்மவருடையது, ஆயினும் அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக்கூடம் இந்நாட்டில் இல்லை. 1922இல் சர் பி.எஸ். சிவசாமி அய்யர் மத்திய சட்டசபையில் இந்தியக் கப்பல் துறையை வளர்க்கத் தீர்மானம் கொணர்ந்தார். அதன் வழி அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1927இல் பம்பாயில் 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. 1972இல் 'ராஜேந்திரா'வும் 1993இல் 'சாணக்கியா'வும் அப்பணியை ஏற்றன. 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

இன்று 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றோர் நுழைவுத் தேர்வெழுதி, நாட்டிகல் சயின்ஸ் பட்டயப் படிப்பில் ஓராண்டு பயிலலாம். பின்னர் 18 மாதக் கடற்பயிற்சி. அதன்பின் செகண்ட் மேட், சீஃப் மேட், மாஸ்டர் எனத் தேர்வுகள். இடையிடையே கடற்பணிக் காலம். குறுக்கு வழி கிடையாது.

நகையை விற்று முகவரிடம் பணம் கட்டத் துணியும் பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். அவர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என முதலில் பாருங்கள். உரிமம் உடையவரும் வேலைக்கெனக் கடலோடியிடம் கட்டணம் பெறக் கூடாதென்பதே விதி. முன்னோர் வாதாடித் திறந்த கதவு இது. நம் பிள்ளைகள் படித்தே நுழையட்டும்.