மேழியும் துலாக்கோலும்

திருக்குடமுழுக்கு ஒருவர் செயலன்று, ஊர்ச் செயல். கல் சுமந்தோரும், சுதை தீட்டியோரும், பொருள் ஈந்தோரும், புனல் முகந்தோரும் ஒருங்கு கூடிய பின்னரே கலசத்தின்மேல் நீர் பெய்யப்படுகின்றது. இவ்வாறு கூடி அறம் புரியும் வழக்கம் நம் நாட்டில் எத்துணைத் தொன்மையது என்பதை அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கல்வராயன் மலையிற் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் பாய்ந்து வளம் பெருக்கும் நிலம் நம் கள்ளக்குறிச்சிச் சீமை. 2019-ஆம் ஆண்டு தனி மாவட்டமாகிய இச்சீமையினுள் பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்தது திருக்கோவலூர் வீரட்டம். அந்தகாசுரனை இறைவன் செற்ற தலம். அப்பரும் ஞானசம்பந்தரும் பாடிய பதி. மெய்ப்பொருள் நாயனார் அரசு புரிந்த ஊர். முதலாம் இராசராசனை ஈன்ற வானவன் மாதேவியார் தோன்றிய மலையமான் குடிக்கும் இதுவே தலைநகர்.

சோழர் காலத்தில் உழவர் கூடியது ஊர். அந்தணர் கூடியது சபை. வணிகர் கூடியது நகரம். இவற்றின் மேலாகப் பல ஊர்கட்கும் பொதுவாய் நின்றது நாடு. பல நாட்டு உழவரும் ஒன்றிய பேரவையே சித்திரமேழிப் பெரியநாட்டார் எனப்பட்டது. இவர்தம் புகழ் கூறும் கல்வெட்டுத் திருக்கோவலூரில் உள்ளது. தம்மை நிலமகளின் மக்கள் என உரைத்துக்கொண்ட இவர்க்கு மேழியே சின்னம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் இவரோடு ஒருங்கமர்ந்து அறம் வகுத்த செய்தி கல்வெட்டுகளாற் புலனாகின்றது. மேழி பிடித்த கையும் துலாக்கோல் பிடித்த கையும் இணைந்தன என்க.

இவ்விணைப்பினால் விளைந்த பயன் யாது? பாண்டி நாட்டுத் திருக்கொடுங்குன்றமாகிய பிரான்மலையில், 13-ஆம் நூற்றாண்டில், பல ஊர் வணிகரும் கூடித் தம் சரக்கின்மேற் பட்டணப்பகுதி என ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கினர். நெல், உப்பு, மிளகு, பருத்தி, இரும்பு எனப் பண்டந்தோறும் அளவு குறித்தனர். இஃது அரசன் விதித்த இறையன்று. தாமே தமக்கு விதித்துக்கொண்ட கடமை. ஒருவர் பெருங்கொடை நல்கி ஓய்வதினும், பலரும் சிறிது சிறிதாக நாடோறும் ஈவதே நிலைபெறும் என அவர் உணர்ந்திருந்தனர்.

ஈவதோடு அவர் கடமை தீர்ந்ததில்லை. உத்தம சோழனது 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சி மாநகரில் நிறுத்தற்கும் அளத்தற்கும் பெற்ற கூலி ஊரகத்துக் கோயிலுக்கு உரிமையாக்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. விழா முடிந்தவுடன் நகரத்தாரும் சேரி மக்களும் கோயிற் கணக்கை ஆராய வேண்டும் என்பதும் அதன்கண் உள்ள விதி. பொருளைக் கொடுத்தோர் கணக்கையும் கேட்டனர். கேட்டலை எவரும் இழிவாகக் கருதினாரல்லர்.

இவ்வழக்கம் பிற்காலத்தே மகமை என்னும் பெயரால் தழைத்தது. விருதுநகர் வணிகர் மகமைப் பொருளால் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். கோயிலுக்கென எழுந்த முறை கல்விக்கும் பயன்பட்டவாறு காண்க.

இனி நாம் செய்யற்பாலன மூன்று. முதலாவது, கல்லெழுத்தைக் காத்தல். மணலை விசையுடன் பீய்ச்சித் தூய்மை செய்தமையாற் பல கோயில்களில் எழுத்துகள் மழுங்கின. சுண்ணமும் வண்ணமும் பூசி மறைத்தனவும் பல. ஈந்தோர் பெயரை அழித்துவிட்டு அவர் அறத்தைப் புதுப்பித்தோம் என்றல் பொருந்துமோ? இரண்டாவது, கடைவீதியாரும் குடியிருப்போரும் கூடித் திருவீதியையும் திருக்குளத்தையும் ஆண்டு முழுதும் பேணுதல். உழவாரப்படை ஏந்திய அப்பரடிகள் கோயில் முற்றத்திற் புல்லைச் செதுக்கினார். அப்பணி குடமுழுக்கு நாளோடு முடிவதன்று. மூன்றாவது, வரவு செலவினை ஊரார் முன்னிலையில் படித்தல். அவ்வேட்டில் பெருவணிகர் பெயரோடு, கடுக்காயும் புளியும் சுமந்து மலையினின்று இறங்கிச் சந்தைக்கு வருவோர் ஈந்த சிறு காசும் இடம்பெறுதல் வேண்டும். மலைமேற் பிறந்த நீரே இந்நிலத்தை வாழ்விக்கின்றது என்பதை மறவற்க.

கலசத்து நீர் ஒரு நாளில் உலர்ந்துவிடும். கூடிய கைகள் பிரியாதிருப்பின், அறம் உலராது.

திருச்சிற்றம்பலம்.